பீரோ சால்வை

மேல்தட்டிலிருந்து அவள் சால்வையை உருவினாள்.

தொட்டதுமே தெரிந்துவிட்டது. ஓரத்தில் குங்குமக் கறை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் தோளில் விழுந்த அதே சால்வை. எங்கள் தெருவின் முதல் பட்டதாரி என்று மைக்கில் சொல்லிப் போர்த்தினார்கள். போட்டோ எடுத்து முடித்ததும் திரும்ப வாங்கி பீரோவுக்குள் வைத்துவிட்டார்கள்.

அறக்கட்டளையில் அதுதான் வழக்கம். சால்வை போட்டோவுக்கு மட்டும்.

வாங்கி மடித்து வைப்பது ஜெயக்கனி அக்கா. பீரோ சாவி அக்காவின் இடுப்பில்தான் இருக்கும். காலையில் கூட்டத்துக்காக அறையையும் பீரோவையும் திறந்துவிட்டு, வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். கூடவே இரண்டு பெண்பிள்ளைகள்.

இன்றைக்குச் சால்வை அக்காவுக்கு.

சாயங்கால வகுப்பு நடக்கிற அறை. சின்னப் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தது நிர்வாகக் குழு. அவளும் அதில் ஒருத்தி. ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது. எல்லாம் சேவை. சேவை செய்கிறவனை யார் கேள்வி கேட்பது?

அவள் கேட்டாள்.

தலைவர் செண்பகராஜ் அண்ணாச்சியின் மச்சினன்தான் பெண்பிள்ளைகளுக்கு வாலிபால் பழக்குகிறவன். ராத்திரியானால் பிள்ளைகளின் போனுக்கு மெசேஜ் போடுகிறான். தூங்கிட்டியா. ஒரு போட்டோ அனுப்பு. அவர்களில் ஒருத்தி, சந்தனமாரி, அழுதுகொண்டே வந்து அக்காவிடம் காட்டினாள். அக்கா நேரே அண்ணாச்சியிடம் போனாள். அன்றிலிருந்து குழு இரண்டாகக் கிழிந்து கிடந்தது. பாதிப் பேர் மற்றப் பாதிப் பேரின் முகத்தில் விழிப்பதில்லை.

"எனக்குச் சபையில பேச வராது. நீ படிச்சவ. நீ பேசுட்டி" என்று அக்கா சொல்லியிருந்தாள்.

பேசினாள். மேசையைத் தட்டித்தான் பேசினாள்.

"உங்க மகளுக்கு அந்த மெசேஜ் வந்திருந்தா இப்படி விசிறிக்கிட்டு உக்காந்திருப்பீங்களா, அண்ணாச்சி?"

செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணாச்சிக்குக் கோபம் வந்திருக்கலாம். வரவில்லை.

"இந்தக் கோவம்தாம்மா நமக்கு வேணும்" என்றார்.

அவளுக்கு மகளிர் பிரிவுச் செயலாளர் பதவி. இன்றைக்கே பொறுப்பு. ஆண்டு விழா அழைப்பிதழில் பெயர் வரும், பெயருக்குப் பின்னால் படிப்பும் வரும். மச்சினன் இனி ஆம்பளைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வான். ஜெயக்கனிக்கும் அலைச்சல் ஜாஸ்தி. மரியாதையாக ஒரு சால்வை போட்டு அனுப்பிவிடலாம். இதோடு யாரும் இதைப் பேச வேண்டாம்.

"ரெண்டு பக்கமும் கௌரவமா முடிஞ்சிரும். என்ன சொல்றீங்க?"

அவள் வீட்டில் இதுவரை அச்சில் ஏறிய பெயர் ஒன்றுதான். அப்பாவுடையது. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில். அதையும் அச்சுக்காரன் தப்பாகப் போட்டிருந்தான்.

உள்ளே இருந்தால்தான் எதையாவது மாற்ற முடியும் என்று நினைத்தாள்.

நினைத்தாள் என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு வாக்கியம் வாகாக வந்து உட்கார்ந்துகொண்டது.

சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னார் அண்ணாச்சி.

முதலில் தூக்கியது அவள் கைதான்.

அதற்கப்புறம் எல்லாமே லேசாகிவிட்டது. டீ வந்தது. இத்தனை நாளாக முறைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே தட்டில் மிக்சரை அள்ளினார்கள். யாரோ ஜோக் கூட அடித்தார்கள். இவளைப் பார்த்து, "செயலாளர் மேடம், பீரோவுல ஒரு நல்ல சால்வையா எடுங்க" என்றார் பொருளாளர்.

எடுத்துவிட்டாள். வேறொன்றை எடுத்திருக்கலாம். எடுத்தது அதைத்தான்.

"ஜெயக்கனியக் கூப்பிடுங்க."

அக்கா செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். முதலில் பார்த்தது சால்வையை. அப்புறம் இவள் முகத்தை. அக்காவின் முகம் அப்படியே மலர்ந்து போயிற்று.

எத்தனை சால்வை மடித்திருப்பாள். ஒன்று கூட அவள் தோளில் விழுந்ததில்லை.

அக்கா நல்ல உயரம். போர்த்துவதற்குத் தோதாகக் குனிந்து கொடுத்தாள். குனிந்த வாக்கில் காதோடு சொன்னாள்.

"ஏட்டி, சாதிச்சிட்டியே."

இவள் சால்வையின் நுனியை இழுத்துச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் சரிசெய்தாள்.

பொருளாளர் போனைத் தூக்கிப் பிடித்தார். சிரிக்கச் சொன்னார். அக்கா சிரித்தாள்.

இவளும்.

அண்ணாச்சி எழுந்து தொண்டையைச் செருமினார். இத்தனை வருடம் உழைத்து, இன்றோடு நம்மிடமிருந்து விடைபெறும் சகோதரி ஜெயக்கனிக்கு, மகளிர் பிரிவுச் செயலாளர் தன் கையாலேயே, என்று பேசிக்கொண்டே போனார்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இவளையே பார்த்தாள்.

திட்டியிருக்கலாம். ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். இவள் அதற்குக் காத்துக்கொண்டு நின்றாள்.

அக்கா தோளிலிருந்து சால்வையை எடுத்தாள். பெஞ்சின் மேல் விரித்தாள். முனையோடு முனை சேர்த்து, உள்ளங்கையால் நீவி, எப்போதும் மடிப்பதைப் போலவே மடித்தாள். இடுப்பிலிருந்த சாவியை உருவி அதன் மேல் வைத்தாள்.

இரண்டையும் சேர்த்து இவள் கையில் கொடுத்தாள்.

"ஜரிகை உள்ள இருக்கிற மாதிரி மடிக்கணும், மேடம். வெளிய தெரிஞ்சா கறுத்துப் போயிரும்."

வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே சந்தனமாரி கம்பியைப் பிடித்து எக்கி நின்றாள். அக்கா தோளில் சால்வை விழுந்தது வரைக்கும் பார்த்திருக்கிறாள். உள்ளே பேசியது அவளுக்குக் கேட்டிருக்காது. திரும்ப வாங்கி மடிப்பது எப்போதும் நடக்கிறதுதான்.

கம்பியை விட்டுவிட்டு, இவளைப் பார்த்துக் கைதட்டினாள்.