மாலை போட்ட படம்

சுவரில் அவன் படம். படத்துக்கு மாலை.

சோற்றுத் தட்டோடு அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அது அவள் வீட்டுச் சுவர் இல்லை. டிவியில் ஓடிக்கொண்டிருந்த சீன நாடகத்தின் சுவர். ஜப்பான்காரன் காலத்துக் கதை. ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி ஒருவனைச் சயாம் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். செத்துவிட்டான் என்று வந்து சொன்னார்கள். அவனை ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்ட சீனப் பெண், நம்மைப் போலவே மாலை போட்டு, அவர்களைப் போல ஊதுபத்தி ஏற்றி, படத்தின் முன்னால் அழுகிறாள்.

படத்தில் இருந்தது குணாளன். இவள் புருஷன்.

இவள் வீட்டுக் கூடத்திலும் அதே படம் உண்டு. நடிக்க வாய்ப்புக் கேட்பதற்காக அலோர் ஸ்டார் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. மாலை மட்டும் இல்லை.

கோலாலம்பூருக்குப் போகிறேன், நடிகனாகித்தான் திரும்புவேன் என்று போனவன். ஆறு வருடம். முதல் வருடம் மூன்று தடவை போன் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

ஆறு வருடம் அலைந்து வாங்கிய வேடம், செத்தவன் படம்.

மாமியாருக்கு முதலில் தலைகால் புரியவில்லை. என் பிள்ளை டிவியில் வந்துவிட்டான் என்று கையைத் தட்டினாள். பிறகுதான் மாலையைக் கவனித்தாள். உள்ளே ஓடி உப்பும் மிளகாயும் எடுத்துவந்து டிவிக்கு மூன்று சுற்றுச் சுற்றிப் போட்டாள். நாடகம் எடுத்தவன் குடும்பத்தையே வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

மறுநாள் ஆறு மணிக்கு டிவி முன்னால் முதல் ஆளாக உட்கார்ந்திருந்ததும் அவள்தான்.

தினமும் இரண்டு பேரும் பார்த்தார்கள்.

மாமியார் படத்தைப் பார்த்தாள்.

இவள் படத்தின் முன்னால் நின்றவளைப் பார்த்தாள்.

அந்தச் சீனப் பெண் நான்கு நாள் அழுதாள். ஐந்தாம் நாள் அழவில்லை. காட்டில் மறைந்து ஜப்பான்காரனோடு சண்டை போட்டவர்களில் ஒரு டாக்டர் வந்தான். அவள் கைக்காயத்துக்குக் கட்டுப் போட்டான். மரவள்ளிக்கிழங்கு அவித்து, தோலை உரித்து, சூடு ஆறட்டும் என்று ஊதி ஊதிக் கொடுத்தான். பன்னிரண்டாம் நாள் அவள் சுவரிலிருந்து படத்தைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். டாக்டரோடு போனாள்.

கொடுத்து வைத்தவள் என்று இவள் நினைத்தாள். செத்துவிட்டான் என்று வந்து சொல்ல அவளுக்கு ஆள் இருந்தது.

இவள் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையின் பஸ்ஸை ஓட்டுகிறவர் நாகப்பன். பெண்டாட்டி இல்லாதவர். இரண்டு வருடமாக முன் சீட்டில் தன் சாப்பாட்டுப் பையை வைத்து, இவள் ஏறும்போது எடுத்துக்கொள்வார். கட்டிக்கொள்ளலாமா என்று ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டார். பார்க்கலாம் என்றாள். அவருடைய அக்காவுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த ஆள் இருக்கிறானா, இல்லையா?



நாடகத்தில் சீனப் பெண் படத்தைக் கழற்றிய மறுநாள் காலை, இவள் பஸ்ஸில் ஏறியதும், வெள்ளிக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

வந்தார்கள். தட்டில் பழமும் குங்குமமும் ஒரு முழம் மல்லிகையும் இருந்தன. தட்டைப் பார்த்ததுமே மாமியாருக்குப் புரிந்துவிட்டது. டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

அன்றைக்கு நாடகம் முடிகிற நாள்.

சண்டை ஓய்ந்துவிட்டது. சீனப் பெண் டாக்டரோடு இருக்கும் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தாள்.

குணாளன்.

படம் இல்லை. ஆள். தாடியும் எலும்புமாக, கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான்.

அவளைப் பார்த்தான். வாசலில் கிடந்த ஆம்பளைச் செருப்பைப் பார்த்தான். மறுபடியும் அவளைப் பார்த்தான். சாப்பிட்டாயா என்று சீனத்தில் கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். சரி என்பதுபோல் அவனும் ஆட்டிவிட்டு, வந்த வழியே ரப்பர் மரங்களுக்கு நடுவில் திரும்பி நடந்தான்.

ஆள் யாரென்று தெரியாமலே நாகப்பனின் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமியார் அவர் பக்கம் திரும்பினாள்.

“அதான் எம்மவன். இவ புருஷன். உசுரோடதான் இருக்கான், நல்லா பாத்துக்குங்க.”

அக்காவின் கை தட்டைத் தன் பக்கம் இழுத்தது. நாகப்பன் தரையைப் பார்த்தார்.

இவள் இன்னும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடித்தவர்கள் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

நான்கு வருடம் அவனோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். ஒரு நாள் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. அப்படி ஒரு பார்வை அவனிடம் இருந்ததே அவளுக்குத் தெரியாது. இத்தனை நாள் அதை எங்கே வைத்திருந்தான்? எவளோ ஒருத்திக்கு, கேமரா முன்னால், சொல்லிக்கொடுத்ததற்காக எடுத்துக் கொடுத்திருக்கிறான்.



“அது நாடகம் அத்தை,” என்றாள்.

எழுந்தாள். அக்காவின் மடிப்பக்கம் போயிருந்த தட்டிலிருந்து மல்லிகையை எடுத்தாள். நடுவில் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

பாதியைக் கூடத்துப் படத்துக்குப் போட்டாள். மாமியாரின் வாய் பிளந்தது. 

மீதியைத் தலையில் வைத்துக்கொண்டாள். எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு, சோறு எடுக்க உள்ளே போனாள்.