மாமன் எடுத்த பட்டு

"மதினி, இது பட்டே இல்ல!"

நீலாம்பாள் அதைக் காதோடு சொல்லியிருக்கலாம். பந்தலுக்கே கேட்கும்படி சொன்னாள். மாப்பிள்ளைக்கு அத்தை, கேட்கவா வேண்டும்!

தூணோரம் நின்ற ஐயம்பெருமாள் பிள்ளை இரண்டடி முன்னே வந்தார். மணப்பெண் பிரம்மநாயகிக்குத் தாய்மாமன் அவர். மாமன் எடுத்த பட்டைக் கட்டிக்கொண்டுதான் பெண் மணவறைக்கு வரவேண்டும். தகப்பன் இல்லாத பெண் வேறு.

சீமைச் சண்டைக்கு முந்தின வருஷம் அது. கார் நெல் முழுக்க மணி பிடிக்காமல் சாவியாகிப் போனது; நல்ல பட்டெடுக்கக் கையில் காசில்லை. காயல்பட்டினத்து ஜவுளிக்கடை ஹாஜாதான் கொழும்பிலிருந்து வந்த அரக்கு நிறச் சேலை ஒன்றை விரித்துக் காட்டினார்.

"அண்ணாச்சி, ஒளிக்காமச் சொல்லுதேன். இது பூச்சிப் பட்டு இல்ல. சீமையில மரத்தைக் கூழாக்கி இழுத்த நூலு. மினுமினுப்புல நிசப்பட்டு தோத்துரும், நனைஞ்சா மட்டும் வலு கிடையாது. ஒரு பூச்சியும் சாகல்ல பாத்தேளா? சைவக்காரங்களுக்குன்னே செஞ்சிருக்கான்!"

அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வாங்கினார். இன்றைக்குத் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மினுக்குத மினுக்கைப் பாருங்க மதினி! மாமங்காரரு நல்லா ஏமாத்திட்டாரு."

பிரம்மநாயகியின் கண் நிறைந்துவிட்டது.

மாப்பிள்ளையின் தாய் ஞானம்பாள் எழுந்தாள். அவள் பேரைச் சொன்னாலே சம்பந்திமாருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

"சந்தேகம்னு வந்தாச்சுல்லா? தீத்துட்டுத்தான் தாலி. ஏட்டி, அடுக்களையில இருந்து கைவிளக்கை எடுத்தா. ஒரு நூலைக் கொளுத்திருவோம். பட்டுன்னா முடி கருகுத மாதிரி நாறும். இல்லேன்னா காயிதமாட்டம் குப்புன்னு பிடிக்கும்."

அடிப்பாவி! ஊர் கூடிய இடத்தில் ஒரு சின்னப் பெண்ணை இப்படியா நிறுத்துவாள்?

"அம்மா, முகூர்த்த நேரத்துல..." பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க பேசாம நில்லுங்க அண்ணாச்சி."

அவள் கட்டியிருந்ததும் அரக்குப் பட்டுதான். பெண்ணை ஒட்டி உட்கார்ந்தாள். முந்தானைகளை மடியில் அள்ளிப் போட்டுக் குனிந்து, நூல் ஒன்றை உருவி விளக்கில் காட்டினாள்.

பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். காந்திமதித் தாயே!

குப்பென்று பற்றவில்லை. நூல் சுருண்டது, கருகியது. முடி பொசுங்கும் நாற்றம் பந்தலைச் சுற்றி வந்தது.

"நீலா, நல்லா மோந்து பாத்துக்கோ. இனிமே இந்தப் பேச்சு இங்கனயும் சரி, நம்ம வீட்டுலயும் சரி, எழும்பப்பிடாது. ஐயரே, தாலிய எடும்!"

கெட்டிமேளம் முழங்கியது. பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. ஹாஜா சேலையை மாற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டாரோ? நல்ல பட்டென்றால் திருப்பிக் கொடுக்கவேண்டுமே!

பந்தி முடிந்து கைகழுவப் போனவரைக் கொல்லையில் ஞானம்பாள் மறித்தாள்.

"அண்ணாச்சி, நாளைக்குப் பொண்ணு ஆத்துல முங்கப் போகும். உங்க சேலையோட இறங்க விட்ராதிய. தண்ணி பட்டா நைஞ்சிரும்."

பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு... தெரியுமா?"

"தொட்டதுமே தெரிஞ்சிட்டு. நீலா வாயை இன்னைக்கு அடைக்கலேன்னா, எம் மருமவ ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கிட்டுல்லா கிடக்கணும்?"

"அப்போ அந்த நூலு?"

அவர் பார்வை அவள் முந்தானைக்குப் போனது. ஓரத்தில் ஓர் இழை உருவிய தடம் கோடாகத் தெரிந்தது. ஞானம்பாள் சட்டென்று அதை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்ன பாக்கிய? என்னுது நிசப்பட்டுதான். ஒரு நூலு போனதுல ஒண்ணும் குறைஞ்சிராது."