ஜன்னலோர மேஜை

ஒரு விடுகதை போடுகிறேன். ஒன்று கசங்கிக் கிடந்து பளபளப்பானது. இன்னொன்று பளபளப்பாக இருந்து அழுக்கானது. இரண்டில் குப்பை எது? யோசித்துக்கொண்டே வாருங்கள்.

போன வருட ஆல்பப் போட்டியை நினைத்தால் கைவேலை டீச்சருக்கு இன்னமும் கொதிக்கும். பெற்றோர்கள் மினுமினுப்புத் தாளும் ரிப்பனுமாக வாங்கி வந்து கொட்டினார்கள். வாங்க வழியில்லாத பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதனால் இந்த வருடம் ஒரே விதி போட்டாள். குப்பைக்குப் போகிற பொருளில்தான் ஆல்பம் செய்ய வேண்டும். கடையில் வாங்கிய தாள் ஒன்று இருந்தாலும் ஜன்னலோர மேஜைக்குப் போய்விடும். பரிசு கிடையாது.

செருப்பு டப்பா அட்டை, பழைய காலண்டர், பஸ் டிக்கெட், அறுந்த பொத்தான் என்று பிள்ளைகள் அசத்தியிருந்தார்கள். ஜன்னலோர மேஜை காலியாகவே கிடந்தது, வகுப்பே சுண்டெலி என்று கூப்பிடும் அந்தச் சிறுமி தன் ஆல்பத்தை நீட்டும்வரை.

பக்கத்துக்குப் பக்கம் வெள்ளி நட்சத்திரம் போட்ட ரோஜா நிறத் தாள். ஒரு சுருக்கம் இல்லை.

"இது அநியாயம் டீச்சர்" என்றாள், மகளோடு வந்திருந்த பெற்றோர் சங்கத் தலைவி. "இந்தத் தாள் கடையில இன்னும் தொங்குது. நானே பார்த்தேன். எங்க பொண்ணோடதைப் பாருங்க. பரண்ல கிடந்த தாள். பழுப்பேறி, ஓரமெல்லாம் நைஞ்சு போய்... விதின்னா எல்லாருக்கும்தானே?"

அவள் மகள் நகக்கண்ணில் இருந்த பழுப்புக் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. வாங்க வழியில்லாத இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகத்தானே விதியே போட்டாள். அவர்களே காலை வாரினால்?

"நான் என்ன சொன்னேன் உனக்கு?"

"குப்பையில இருந்து எடுத்துச் செய்யணும்னு, டீச்சர்."

"இது குப்பையா?"

"ஆமா டீச்சர்."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. யார் வாங்கிக் குடுத்தா?"

"யாரும் வாங்கலை."

"பொய்யும் சேர்ந்துக்கிச்சா" என்றாள் தலைவி. "இந்த வயசுலயே."

டீச்சர் ஆல்பத்தை வாங்கி ஜன்னலோர மேஜையில் வைத்தாள். சத்தம் கேட்கும்படியே வைத்தாள்.

சுண்டெலிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் மேஜைக்குப் போய், சரியாக ஒட்டாத ஒரு தாளைத் தூக்கிக் காட்டினாள். பின்பக்கம் முழுக்க டேப் பிய்த்த தழும்பு. ஒரு கிழிசலுக்கு உள்பக்கமாக ஒட்டுப் போட்டிருந்தது.

"பரிசு சுத்தி வந்த தாள், டீச்சர். கசக்கிப் போட்டிருந்தாங்க. அம்மா இஸ்திரிக் கடையில ஈரத்துணியைப் போட்டு, லேசான சூட்டுல தேய்ச்சுக் குடுத்தாங்க."

"எங்க இருந்து எடுத்தே?"

சுண்டெலி தலைவியைப் பார்த்தாள். "உங்க வீட்டுப் பிறந்தநாள் அன்னைக்குதான் ஆன்ட்டி. நீங்கதான் எல்லாத்தையும் கூட்டி, போறப்ப குப்பையில போட்டுட்டுப் போன்னு என்கிட்ட குடுத்தீங்க."

டீச்சர் அந்த ஆல்பத்தை இரண்டு கையாலும் எடுத்து, மற்ற ஆல்பங்களுக்கு நடுவில் வைத்தாள்.

"சரி சரி, எனக்கெப்படித் தெரியும்?" என்றாள் தலைவி. "பரிசைச் சொல்லுங்க டீச்சர், நேரமாகுது."

அப்போது அவள் மகள் எழுந்தாள்.

"டீச்சர், புதுத் தாளை டீத்தண்ணியில முக்கி, ஓரத்தைத் தேய்ச்சு, மொட்டை மாடியில காயவெச்சா, அது எந்த மேஜை?"

"உட்காருடி" என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

மகள் உட்காரவில்லை. தன் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலோர மேஜையில் வைத்தாள்.