கூடுதல் மாடி

வடக்குப்பட்டில் தன் வீட்டின் மேல் இன்னொரு மாடி எழுப்பலாமா என்று பார்ப்பதற்காக, கோதண்டம் கட்டட இன்ஜினியர் சசிரேகாவை வரவழைத்திருந்தார். அவர் மனைவி ஜோதியும் கூடவே நின்றாள்.

சசிரேகா உள்ளிருக்கும் கம்பியைக் காட்டும் கருவியை வைத்துத் தூண்களைச் சோதித்தாள்.

"நல்லா பாரும்மா. இங்க விரிசல் வுட்டுகீது," என்றார் கோதண்டம்.

"அது வெறும் பூச்சு சார். உள்ள கான்கிரீட் நல்லா இருக்கு."

"கம்பெனி லாரி போனா வூடே ஆடுது."

"ஜன்னல்தான் சார் ஆடுது."

"கம்பி துரு புடிச்சிருக்குமே?"

"இல்ல சார். தேவைக்கு மேலயே கம்பி போட்டிருக்காங்க. யார் கட்டினது?"

"நாந்தான்," என்றார் கோதண்டம், கொலையை ஒப்புக்கொள்கிறவர் போல.

சசிரேகா சிரித்தாள். "விழப்போற வீட்டக் காட்டி, தாங்கும்னு சொல்லுங்கன்னு கெஞ்சுறவங்களத்தான் பாத்திருக்கேன். நீங்க வீணா பயப்படுறீங்க. ஒரு மாடி என்ன, ரெண்டு மாடியே தாங்கும்."

ஜோதி உடனே போனை எடுத்தாள்.

"அண்ணா, இன்ஜினியரம்மா சரின்னுட்டாங்க. மேல உனக்கு வூடு கட்டிடலாம். அண்ணி, புள்ளைங்க, அண்ணியோட அம்மா எல்லாரையும் இட்டுக்கினு வந்து இங்கியே இருந்துடு."

மச்சான் குடும்பம் வந்துவிடாமலிருக்க, 'இன்ஜினியர் சொல்லட்டும்' என்று கோதண்டம் போட்டிருந்த ஒரே முட்டுக்கட்டையும் போயிற்று. அவர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"தூணு தாங்கும்மா," என்றார் சசிரேகாவிடம் மெதுவாக. "நான் தாங்கணுமே."