கூரைமேல் புகை

"அடுப்பு எரியுதாம்மா? கூரைமேல புகை வந்தாத்தான் படம் நல்லாருக்கும்!" என்று ஏரிக்கரையிலிருந்து கத்தினார் ஹார்கிரேவ். எங்கள் ஸ்காட்லாந்து மலைக்கு, நிலத்துக்குச் சொந்தக்காரரான துரை சொல்லிப் படம் வரைய வந்திருந்த லண்டன் ஓவியர்.

என் மனைவி மார்சலி உள்ளே ஓடினாள். குளிர்காலத்துக்காகச் சதுப்பில் வெட்டிக் காயவைத்திருந்த எரிமண் கட்டிகளை அள்ளி அடுப்பில் போட்டாள். மூன்று நாளாக இதே கூத்து.

"பனி கொட்டும்போது எதை எரிப்ப? என் தலையையா?" என்றேன்.

"சும்மா இருங்க. எதிர்ச்சரிவுல பதினோரு வீட்டைக் காலி பண்ணிட்டு ஆடு மேய விட்டாரே துரை, அதுல ஒரு வீட்டையாவது படம் வரையச் சொன்னாரா? நம்ம வீடு அவர் மாளிகைச் சுவத்துல தொங்கப்போகுது. இனி நம்மமேல கை வைப்பாரா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

நான்காம் நாள் படம் முடிந்தது. அசையாத ஏரி, இரண்டு மாடு, எங்கள் வீடு, மெல்லிய புகை. பார்த்தால் உலகத்தில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை என்று தோன்றும்.

"துரைசானிக்கு எங்க வீடு பிடிக்குமாங்கய்யா?" என்றாள் மார்சலி.

"பிடிக்குமாவா! ஜன்னலைத் திறந்தா இந்த வீடும் புகையும் தெரியணுமாம் அவங்களுக்கு. துரைகிட்ட ஒரு வாரம் அழுதிருக்காங்க."

மார்சலி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஹார்கிரேவ் தூரிகையைத் துடைத்தார். "அதனாலதான், இடிக்கறதுக்கு முன்னாடி அப்படியே வரைஞ்சு தரச் சொன்னார் துரை. ஏன், மணியக்காரர் இன்னும் உங்ககிட்ட சொல்லலையா?"

அடுப்பில் கடைசிக் கட்டி புகைந்துகொண்டிருந்தது. பனிக்காலத்துக்கு எதை எரிப்பது என்ற கவலை அதோடு விட்டது எனக்கு.