பன்னிரண்டு வலம், எட்டு இடம்

“இது நீர் கீறினதே இல்லை.”

சுந்தரலிங்கம் கட்டத்தாள்களை மேசையில் தூக்கிப் போட்டார். பதினொரு தாள்களில் இரண்டு வழுக்கிக்கொண்டு போய்க் கீழே விழுந்தன. அவர் அசையவில்லை. நேசமலர்தான் குனிந்து பொறுக்கினாள்.

“நான்தான் சேர் கீறினது. கையால.”

“கையாலயோ? ஒரு பெட்டியும் பிசகாமலோ? கொம்பியூட்டர்ல அடிச்சுப்போட்டு மேல பென்சிலால இழுத்திருக்கிறீர். இல்லாட்டி ஆரிட்டையோ களவெடுத்திருக்கிறீர்.”

களவு என்ற சொல் அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. இரத்மலானையில் ஒரு நெசவாலையில் பத்து வருஷமாக அவள் செய்த வேலையே இதுதான். துணியில் சாய்வுக் கோடு விழுகிற ட்வில் நெசவுக்கு, நெடுக்கே ஓடும் பாவிழை எங்கே மேலே, குறுக்கே ஓடும் ஊடையிழை எங்கே மேலே என்று கட்டத்தாளில் பெட்டி பெட்டியாக நிரப்பிக் கீறுவது. ஒரே சாய்வை உடைத்தும் திருப்பியும் வைரமாக மடக்கியும் புதிது புதிதாகக் கொண்டுவருவாள்.

ஆலை மூடி எட்டு மாதமாகிவிட்டது. இது ஏழாவது நேர்முகம். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி, வெள்ளவத்தையில் ஒரு துணிக் கம்பனியின் வடிவமைப்பாளரான சுந்தரலிங்கத்திடம் வந்திருந்தாள். புறப்படும்போது, “இது கட்டாயம் சரிவரும்” என்று கணவனிடம் சொல்லிவிட்டு வேறு வந்திருந்தாள்.

“களவெண்டு சொல்லாதேங்கோ சேர். சந்தேகமெண்டால் இப்பவே ஒண்டு தாங்கோ. உங்களுக்கு முன்னாலயே இருந்து கீறிக் காட்டுறன்.”

“வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது.”

இழுப்பறையிலிருந்து வெறும் கட்டத்தாள் ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

“ஹெரிங்போன். மீன்முள்ளு மாதிரி வரவேணும். பன்னிரண்டு இழை வலப்பக்கம் சாயும், எட்டு இழை இடப்பக்கம். திரும்புற இடத்தில ஒரு இழையும் ரெண்டுக்கு மேல மிதக்கப்படாது. பாவு கருநீலம், ஊடை சாம்பல்.”

நேசமலர் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் எழுந்து வந்து அவளுடைய முதுகுக்குப் பின்னால் நின்றார். கழுத்தில் அவருடைய மூச்சுப் பட்டது.

“இவ்வளவு மெதுவாயோ? நேசரிப் பள்ளிக்கூடச் சின்னப் பிள்ளையளே இதைவிட வேகமாக் கீறுங்கள்.”

வலப்பக்கச் சாய்வு முடிந்து கோடு திரும்புகிற இடம் வந்தது. நிரப்பிய பெட்டிக்குப் பக்கத்தில் வெறும் பெட்டி வந்தால்தான் முள் கத்தியால் வெட்டியது போல விழும். ஒரு பெட்டி தவறினாலும் இழை நீண்டு தொங்கிவிடும்.

“இதிலதான் பிழை விடப் போறீர்.”

“நீங்கள் கதைக்காமல் நிண்டால் பிழை வராது சேர்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பின்னால் செருமல் ஒன்று கேட்டது.

ஒன்றரை மணித்தியாலத்தில் தாளை அவரிடம் நீட்டினாள். அவர் அதை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், விரலால் தொட்டுத் தொட்டு வரிசை வரிசையாக எண்ணினார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பிழை பிடிபடவில்லை என்பது அந்த முதுகிலேயே தெரிந்தது. வேலை கிடைத்துவிட்டது என்றே எண்ணி அவள் பென்சிலைப் பைக்குள் வைத்தாள்.

“சரிவராது. கை சுத்தமில்லை. நீர் போகலாம்.”

“எதில பிழையெண்டு ஒருக்காக் காட்டுங்கோ.”

“எனக்குப் படிப்பிக்க வேண்டாம். வெளியில அடுத்த ஆள் காத்துக்கொண்டு நிக்குது. போம்.”

தன் பதினொரு தாள்களையும் அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் கோப்புடன் நின்ற பெண்ணுக்கு முகத்தைக் காட்டாமல் படியிறங்கினாள். காலி வீதியில் கோட்டைக்குப் போகிற பஸ் வந்து நின்றது. மிதிபலகையில் ஒரு காலை வைத்தவள், சட்டென்று பின்வாங்கினாள்.

“நகின்னே நெத்த?” ஏறவில்லையா என்று சிங்களத்தில் எரிந்து விழுந்துவிட்டு நடத்துனர் மணியை அடித்தான்.

வேலை தராவிட்டால் போகட்டும். ஆனால் அந்த மனிசனின் மேசையில் தான் கீறிக் கொடுத்த மீன்முள் தாள் கிடப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. வாங்கி, அவருடைய முகத்துக்கு முன்னாலேயே நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது.

மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினாள். அந்தப் பெண் இன்னும் வெளியேதான் நின்றாள். கதவைத் தட்டாமல் தள்ளினாள்.

சுந்தரலிங்கம் கதவுக்கு முதுகு காட்டி நின்றார். ஒரு கையால் அவளுடைய தாளை விரித்துப் பிடித்து, மறு கையிலிருந்த போனின் கமராவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரமும் கடித்துக் குதறிய அந்தக் குரல் குழைந்து போயிருந்தது.

“ஓம் மேடம், நீங்கள் கேட்டபடியே காலமையில இருந்து நானே கீறி இப்பதான் முடிச்சனான்.”