சிறை வாசலில் இரண்டு பலகைகள்

ஒரு பழைய சிறைச்சாலை வாசலில் ‘ஜெயில்’ என்று ஆங்கிலத்தில் இரண்டு பலகைகள் தொங்கின. மரப்பலகையில் அந்தச் சொல் அந்தக்கால வழக்கப்படி ‘ஜி’ எழுத்தில் தொடங்கியது, தகரப்பலகையில் ‘ஜே’. யார் உயர்ந்த குலம் என்று தினமும் இரண்டும் மல்லுக்கு நிற்க, கீழே தொங்கிய பூட்டுக்குக் காது புளித்துவிட்டது.

“அகராதியையே கேட்டுத் தொலையுங்கள்,” என்றது பூட்டு.

ஆபீஸ் ஜன்னலில் இருந்த அகராதி பக்கத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னது: “உங்கள் இருவருக்கும் பூர்வீகம் ஒன்றுதான். லத்தீனில் கூண்டைக் குறிக்கும் சொல்லுக்குப் பிறந்தவர்கள்.”

அப்பாடா, சண்டை தீர்ந்தது என்று பூட்டு கண்ணை மூடியது.

கொஞ்ச நேரம்தான். மரப்பலகை தொண்டையைக் கனைத்தது.

“நாங்கள் கிளிக்கூண்டு வகையறா. நீ எலிக்கூண்டு வகையறாவாக இருப்பாய்.”